சர்டிபிகேட்ல 1964, அப்பத்தா கணக்குல புயலுக்கு அப்புறம்: அந்த வருஷத்துல என்னதான் நடந்துச்சு?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மேலோட்டமா பாத்தா 1964ல என்னென்ன முக்கியமா நடந்துச்சுன்னு ஒரு பட்டியல் வேணும், அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு அத வச்சு ஒரு சின்ன புத்தகம் அடிச்சுக் குடுக்கணும், அவ்வளவுதான். ஆனா கடைசில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியா தெரியுது. சர்டிபிகேட்ல 1.6.1964ன்னு இருக்கு, ஆனா அப்பத்தா மட்டும் "புயல் அடிச்சப்ப அவன் என் வயித்துல இருந்தான்"னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, வயசானவங்க ஏதோ மாத்திச் சொல்றாங்கன்னு வீட்ல யாரும் கண்டுக்கல, அப்படித்தான எழுதியிருக்கீங்க? நான் ராமநாதபுரம் மாவட்டத்துல முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல வரலாறு நடத்தி ரிட்டயர் ஆனவன். ஆராய்ச்சி பண்ணி பட்டம் வாங்கினவன் இல்ல, பொருளாதாரம் எனக்கு மேலோட்டமாத்தான் தெரியும். ஆனா பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரும் தெரியும், கிழவிங்க கணக்கும் தெரியும். ரெண்டுல ஒண்ண நம்பணும்னா இந்த விஷயத்துல நான் உங்க அப்பத்தா பக்கம்தான்.

ஏன்னு சொல்றேன். அந்தக் காலத்துல புள்ளைய அஞ்சு வயசுல பள்ளிக்கூடத்துல சேக்கணும், பள்ளிக்கூடம் தொறக்குறது ஜூன் மாசம். அப்பா அம்மாவுக்கு தேதி தெரியாது, "சித்திரையில பொறந்தான், வெள்ளிக்கெழம"ன்னு சொல்லுவாங்க, வருஷம் கேட்டா முழிப்பாங்க. புள்ள கைய தலைக்கு மேல சுத்தி அந்தப் பக்கத்துக் காதத் தொட்டுட்டா வயசு சரின்னு எடுத்துக்கிட்டு, வாத்தியாரே ஜூன் ஒண்ணுன்னோ மே பத்துன்னோ ஒரு தேதியப் போட்டு அஞ்சு வயசு முடிஞ்ச மாதிரி பண்ணிடுவார். பழைய ரிஜிஸ்டரப் பொரட்டினா ஊர்ல பாதிப்பேரு மே மாசத்துலயும் ஜூன்லயும்தான் பொறந்திருப்பாங்க, மத்த பத்து மாசமும் எல்லாரும் சும்மாவா இருந்தாங்க? 1.6.1964ங்கறது அந்த ரகத் தேதி, பாத்தவுடனே தெரியுது. 1969 ஜூன்ல ஒண்ணாப்புல சேக்க அத விட வசதியான தேதி கெடையாது. பிறப்பு இறப்பு பதிவுக்குன்னு நாடு முழுக்க ஒரே சட்டம் வந்ததே 1969லதான், அதுக்கு முன்னாடி கிராமத்து அதிகாரி எழுதினாத்தான் உண்டு.

இப்ப அப்பத்தா சொல்ற புயல். உங்க ஊர் ராமநாதபுரம் பக்கம்னு சொன்னதால அது தனுஷ்கோடிப் புயல்னு எடுத்துக்கறேன் (நாகப்பட்டினம் பக்கத்துக் கிழவி சொல்லியிருந்தா 52 புயலா 77 புயலான்னு கேக்கணும், அங்க கணக்கே வேற). அந்தமான் பக்கம் டிசம்பர் நடுவுல உருவாகி, இலங்கைய வவுனியா வழியாக் குறுக்க கடந்து, 22ம் தேதி ராத்திரி தனுஷ்கோடில ஏறுச்சு. சில புத்தகத்துல 22ன்னு இருக்கும், சிலதுல 23ன்னு இருக்கும், ரெண்டும் தப்பில்ல, நடுராத்திரியத் தாண்டி அடிச்ச காத்துக்கு எந்தத் தேதியப் போடுறது. இருபது அடிக்கு மேல கடல் எழும்பி ஊருக்குள்ள வந்துச்சு. பாம்பன்லேர்ந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில், 653ம் நம்பர், ஸ்டேஷன நெருங்குற எடத்துல சிக்னல் கெடைக்காம நின்னு, அப்புறம் மெதுவா நகர்ந்தப்ப அலை மொத்தமா அடிச்சுட்டுப் போயிடுச்சு. இங்க ரெண்டு விஷயத்த உங்க புத்தகத்துல சரியா எழுதுங்க, ஏன்னா எல்லாரும் தப்பா எழுதுறாங்க. முங்குனது கொழும்புக் கப்பலுக்கு ஆள் ஏத்திட்டு வந்த போட் மெயில் இல்ல, இந்தச் சின்ன பாசஞ்சர்தான். அடுத்தது, வழக்கமா சொல்ற 115 பேருங்கறது பயணிகளையும் ரயில்வே ஊழியர்களையும் சேத்து சொன்ன கணக்கு. அந்த லைன்ல டிக்கெட் எடுக்காம ஏறுன ஜனமும் உண்டுன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க, அதனால 115 உறுதியான எண் இல்ல, அதுக்குக் கொறையாதுன்னு மட்டும் வச்சுக்கலாம். அதே மாதிரி மொத்த சாவு 1800ன்னு எல்லா எடத்துலயும் வரும், அதுவும் மதிப்பீடுதான், எண்ணிப் பாத்த கணக்கு இல்ல. கடல்ல போனவங்கள யாரு எண்ணுனா?

தனுஷ்கோடின்னா இன்னைக்கு செல்ஃபி எடுக்குற இடிஞ்ச சர்ச்சுதான் ஞாபகத்துக்கு வரும். 64 டிசம்பர் வரைக்கும் அது ஒரு துறைமுகம், தம்பி. எழும்பூர்ல போட் மெயில் ஏறினா நேரா தனுஷ்கோடி கரை வரைக்கும் ரயில், எறங்கி கப்பல்ல ஏறினா தலைமன்னார், அங்கேர்ந்து மறுபடி ரயில்ல கொழும்பு. 1914லேர்ந்து அம்பது வருஷம் அந்த வழிதான். கஸ்டம்ஸ் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், ரயில்வே குவாட்டர்ஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊரு. ஒரே ராத்திரில போச்சு, அப்புறம் மனுஷன் குடியிருக்க லாயக்கில்லாத எடம்னு அரசாங்கமே அறிவிச்சுடுச்சு. பாம்பன் பாலமும் மொத்தமா அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு சிலர் சொல்றது சரியில்ல. நெறைய கர்டர் கடல்ல விழுந்துச்சு, ஆனா நடுவுல கப்பலுக்குத் தொறக்குற அந்தத் தூக்கு அப்படியே நின்னுச்சு. ஆறு மாசத்துல சரி பண்ணணும்னு ரயில்வே திட்டம் போட்டு, அப்புறம் மூணு மாசமா கொறச்சு, கடைசில ஸ்ரீதரன்னு ஒரு இளவயசு இன்ஜினியர் தலைமையில கடல்ல விழுந்த கர்டரையே தேடித் தூக்கி மாட்டி 46 நாள்ல முடிச்சாங்க. பின்னாடி டெல்லி மெட்ரோவ கட்டினாரே, அவரேதான். பாலம் திரும்புச்சு, ஆனா பாம்பன் தனுஷ்கோடி லைன் திரும்பவே இல்ல, கப்பல் ராமேஸ்வரத்துலேர்ந்து கெளம்ப ஆரம்பிச்சுச்சு.

இந்தக் கப்பல் விஷயத்துக்கும் அந்த வருஷத்துல நடந்த இன்னொண்ணுக்கும் தொடர்பு இருக்கு, பொதுவா யாரும் சேத்து எழுதுறதில்ல. புயலுக்கு ரெண்டு மாசம்கூட முன்னாடி இல்ல, அக்டோபர் 30ம் தேதி டெல்லில நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல தலைமுறை தலைமுறையா வேல பாத்த நம்ம ஜனத்துக்கு 1948லயே குடியுரிமை இல்லாமப் பண்ணிட்டாங்க, அந்த மாதிரி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாம நின்னவங்க 9,75,000 பேருன்னு ஒரு கணக்கு. அதுல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை குடுக்கும், மிச்சம் 1,50,000 பேரப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். பதினஞ்சு வருஷத்துல முடிக்கணும்னு திட்டம். மார்க்கெட்ல கத்திரிக்கா பங்கு போடுற மாதிரிதான் எனக்கு எப்பவும் படும். அந்த ஜனத்துக்குத் தலைவரா இருந்த தொண்டமானோட சம்மதம்கூட கேக்கல. பாக்கி ஒன்றரை லட்சத்த 1974ல இந்திரா காலத்துல ஆளுக்குப் பாதி 75,000ன்னு பிரிச்சுக்கிட்டாங்க.

64ல கையெழுத்துப் போட்ட சிறிமாவோ அம்மாவோட ஆட்சி அதே வருஷம் டிசம்பர் 3ம் தேதி பார்லிமெண்ட்ல ஒரே ஒரு ஓட்டுல கவுந்துச்சு, அதுக்குக் காரணம் பத்திரிகைய அரசாங்கம் எடுத்துக்குற மசோதா, இந்த ஒப்பந்தம் இல்ல. அதுக்கடுத்து மூணு வாரத்துல ஜனம் வந்து எறங்க வேண்டிய கரையே காணாமப் போச்சு. ஆனாலும் ஒப்பந்தம் நின்னுச்சு, சட்டம் கிட்டம் எல்லாம் போட்டு பின்னால அறுபதுகள் கடைசிலேர்ந்து தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்கி மண்டபம் கேம்ப்புக்கு வந்தாங்க, அங்கேர்ந்து நீலகிரி, கொடைக்கானல்னு எங்கெங்கயோ போனாங்க. கூடலூர், கோத்தகிரி பக்கம் இருக்குற அரசாங்கத் தேயிலைத் தோட்டமான டான்டீயே இவங்களுக்கு வேல குடுக்கத்தான் ஆரம்பிச்சது. நம்ம மாவட்டத்துலேர்ந்து எத்தன குடும்பம் அந்தக் காலத்துல கண்டிச் சீமைக்குன்னு போனது, உங்க வீட்லயே ஒரு பெரியப்பாவோ அத்தையோ "சிலோன் காரவுக"ன்னு பேரெடுத்தவங்க இருப்பாங்க, விசாரிச்சுப் பாருங்க.

அதே வருஷம் பர்மாலயும் இதே கதை, இன்னும் மோசமா. 1962ல ஆட்சியப் புடிச்ச நே வின், 64ல கடை கண்ணியெல்லாம் அரசாங்கத்துக்குன்னு எடுக்க ஆரம்பிச்சார், மே மாசம் அம்பது கியாட் நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சார். ரங்கூன்ல மூணு தலைமுறையா யாவாரம் பண்ணவன் கையில ஒண்ணுமில்லாம சென்னைத் துறைமுகத்துல எறங்குனான். அடுத்தடுத்த வருஷத்துல லட்சக்கணக்குல வந்தாங்க. சென்னைல பர்மா பஜார், ஒவ்வொரு ஊர்லயும் இருக்குற பர்மா காலனி, பீச் ஸ்டேஷன் எதுக்க நீங்க திங்குற அத்தோ நூடுல்ஸ் எல்லாம் அந்தக் கப்பல்ல வந்ததுதான். பாருங்க, ஒரே வருஷத்துல ரெண்டு நாட்டுலேர்ந்தும் நம்மாளுங்க திரும்புறதுக்கு வழி தொறந்திருக்கு, ஆனா 1964ன்னு தேடினா மொதல் பக்கத்துல இது வராது. எனக்கு இது பெரிய கொறதான்.

மொதல் பக்கத்துல வர்றது நேரு. ஜனவரில புவனேஸ்வர் காங்கிரஸ் மாநாட்டுலயே அவருக்கு உடம்பு முடியாமப் போச்சு, அந்த மாநாட்டுலதான் நம்ம காமராஜர் அகில இந்தியத் தலைவரா ஒக்காந்தார், முதலமைச்சர் பதவிய அதுக்கு முந்தின அக்டோபர்லயே பக்தவத்சலத்துக்கு விட்டுட்டுப் போயிட்டார். மே 27ம் தேதி நேரு செத்தார். குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமர், காமராஜர் ஒவ்வொருத்தரா கூப்புட்டுப் பேசி ஓட்டுப் போடவே விடாம சாஸ்திரிய ஏகமனதா கொண்டு வந்தார், ஜூன் 9ம் தேதி பதவியேற்பு. தானும் பிரதமர் ஆகணும்னு நெனச்ச மொரார்ஜி தேசாய்க்குக் கடைசி வரைக்கும் அந்தக் கோவம் உண்டு. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நீட்டல. ஒண்ணு மட்டும், சர்டிபிகேட் தேதி உண்மைன்னா நேரு செத்து அஞ்சாவது நாள் உங்க அப்பா பொறந்திருக்கணும். அப்படி ஒரு நாள்ல புள்ள பெத்த எந்தத் தாயும் அத மறக்கமாட்டா. "நேரு செத்த வாரம்"னுதான் காலம் பூரா சொல்லுவா. உங்க அப்பத்தா அப்படி ஒரு தடவகூட சொல்லலன்னா அதுவே எனக்கு ஒரு சாட்சி.

வருஷத் தொடக்கத்துல ஜனவரி 25ம் தேதி திருச்சி ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல கீழப்பழுவூர் சின்னசாமி இந்தித் திணிப்ப எதிர்த்து தீக்குளிச்சார். 1965 ஜனவரி 26லேர்ந்து இந்திதான் ஆட்சிமொழின்னு இருந்த நேரம், அதுக்கு சரியா ஒரு வருஷம் முன்னாடி. அடுத்த வருஷம் ஜனவரி பிப்ரவரில மாணவர்கள் தெருவுக்கு வந்து துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனதும், 67ல காங்கிரஸ் கோட்டைய விட்டுப் போனதும் எல்லாருக்கும் தெரியும். சின்னசாமி ஒருத்தராலதான் 67 வந்துச்சுன்னு மேடைல பேசுவாங்க, அது மேடைக்கு சரி. அரிசிக்கும் அதுல பாதிப் பங்கு உண்டுங்கறது என் அபிப்ராயம். 64லேர்ந்தே அரிசி கெடைக்கல, கெடச்சாலும் வெல கட்டுப்படி ஆகல. சாஸ்திரி உணவு அமைச்சரா போட்டது நம்ம சி. சுப்பிரமணியத்த, பசுமைப் புரட்சின்னு பின்னாடி சொன்னதுக்கு வெதை போட்டவர் அவர்தான். இந்திய உணவுக் கழகத்துக்கான சட்டம் 64லயே வந்து, 65 பொங்கல் சமயத்துல கழகம் வேலைய ஆரம்பிச்சப்ப அதோட மொதல் மாவட்ட ஆபீஸ் தஞ்சாவூர்ல தொறந்தாங்க. இந்தக் கொள்கையோட பொருளாதார நல்லது கெட்டது பத்தி நான் பேச மாட்டேன், எனக்கு அந்தப் படிப்பு இல்ல. ஆனா அந்த வருஷத்துல புள்ளத்தாச்சியா இருந்த எந்தக் கிழவியக் கேட்டாலும் ரெண்டு வேள கேப்பக்கூழும் கம்பங்கஞ்சியும்தான் சொல்லும், அரிசிச்சோறு தீபாவளிக்குத்தான்.

கம்யூனிஸ்ட் கட்சி ஒடஞ்சதும் அந்த வருஷம்தான், ஏப்ரல் 11ம் தேதி தேசியக் குழுவுலேர்ந்து 32 பேரு வெளிநடப்பு பண்ணாங்க. அதுல ஒருத்தர் சங்கரய்யா, 2023 நவம்பர்ல 102 வயசுல காலமானாரே அவர்தான். தமிழ் படிச்சவங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியது ஒண்ணு, ஜனவரில டெல்லில கீழ்த்திசை அறிஞர்கள் மாநாட்டுக்கு வந்த எடத்துல தனிநாயகம் அடிகள் மாதிரி சிலர் சேந்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்த ஆரம்பிச்சாங்க. 66ல கோலாலம்பூர்லயும் 68ல சென்னைலயும் நடந்த உலகத் தமிழ் மாநாடெல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான். பேப்பர்ல அன்னைக்கு எத்தன வரி போட்டிருப்பான்!

வெளிநாட்டு சமாச்சாரம் வேணும்னா அக்டோபர் நடுவுல ஒரு மூணு நாள எடுத்துக்கோங்க, 14ம் தேதி ரஷ்யாவுல குருஷேவ இறக்கிட்டாங்க, 15ம் தேதி பிரிட்டன் தேர்தல்ல லேபர் கட்சி ஜெயிச்சுச்சு, 16ம் தேதி சீனா மொத அணுகுண்ட வெடிச்சுச்சு. 62ல அவன்கிட்ட அடி வாங்கி ரெண்டு வருஷம் ஆன நம்மூர்ல அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. அதே நேரத்துல டோக்கியோ ஒலிம்பிக்ஸ், ஹாக்கி பைனல்ல பாகிஸ்தான 1-0ன்னு அடிச்சு தங்கம், கோல் போட்டது மொகிந்தர் லால், டீம்ல நம்ம மெட்ராஸ்காரர் வி.ஜே. பீட்டரும் இருந்தார். மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை ஜூன்ல. இதெல்லாம் ஒவ்வொரு வரி போட்டா போதும், உங்க அப்பா வீட்டுக்குள்ள இதுல எதுவும் நொழஞ்சிருக்காது.

இப்ப கணக்குக்கு வருவோம். டிசம்பர் 22ல வயித்துல இருந்தார்னா 64 டிசம்பர் கடைசிலேர்ந்து 65 செப்டம்பருக்குள்ள பொறந்திருக்கணும். சொந்தக்காரங்க "அறுபதாம் கல்யாணம் போன வருஷமே பண்ணியிருக்கணும், குரோதி வருஷம் போயிடுச்சு"ன்னு கொற சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. 64 சித்திரையிலேர்ந்து 65 பங்குனி வரைக்கும் குரோதி, அறுபது வருஷம் சுத்தி 2024-25ல மறுபடி குரோதி வந்தது நெசம்தான். ஆனா உங்க அப்பா 65 சித்திரைக்கு அப்புறம் பொறந்திருந்தா அவருக்கு வருஷம் விசுவாவசு, அதாவது 2025 சித்திரையிலேர்ந்து 2026 பங்குனி வரைக்கும், குரோதி போனதால எதுவும் தவறிப் போகல. தாலுகா ஆபீஸ்ல பழைய பிறப்புப் பதிவு கெடச்சா பாருங்க, கெடைக்கலன்னாலும் பரவாயில்ல, பென்ஷன் ஆதார் எதையும் இதுக்காக மாத்தப் போயிடாதீங்க, அலைய விட்ருவாங்க.

அப்பத்தாகிட்ட தேதி கேக்காதீங்க, அவங்களுக்கு அது வேலைக்காகாது. இப்படிக் கேளுங்க: புயல் அன்னைக்கு வயிறு தெரிஞ்சுச்சா, இல்ல முழுகாம இருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சிருந்துச்சா? இவர் பொறந்தப்ப ராமேஸ்வரத்துக்கு ரயில் ஓடுச்சா, பாலம் ஒடஞ்சு கெடந்துச்சா? ஓடலன்னா 64 கடைசியோ 65 தொடக்கமோதான், வேற வழியே இல்ல. இந்திச் சண்டைல பள்ளிக்கூடம் மூடிக் கெடந்தப்ப இவர் தொட்டில்ல கெடந்தாரா? பாகிஸ்தான் சண்ட வந்தப்ப, அது 65 செப்டம்பர், குப்புற விழுந்தாரா, தவழ்ந்தாரா, இல்ல பச்ச மண்ணா? கூடவே தமிழ் மாசம் என்ன, நட்சத்திரம் என்னன்னு கேட்டுக்கோங்க, அத மட்டும் எந்தத் தாயும் மறக்கறதில்ல. மாசமும் நட்சத்திரமும் கெடச்சா எனக்கு எழுதுங்க, பழைய பஞ்சாங்கம் ஒண்ணு பரண்ல கெடக்கு, உக்காந்து தேதிய எடுத்துடலாம்.